ஊரடங்கில் போட்ட ஒரு கையெழுத்து

2022 ஜூலையில் பாஸ்போர்ட் விசாரணைக்காக ஏட்டு ஒருவர் என் கடைக்கு வந்தார். மலேசியாவில் இருக்கும் மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போகலாம் என்று விண்ணப்பித்திருந்தேன். திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார், ரேஷன் கார்டு, பத்து வருடப் பழக்கமுள்ள இரண்டு சாட்சிகள் என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் பாதி டீயைக் குடித்துவிட்டுப் போனைப் பார்த்தபடியே கேட்டார்.

"தம்பி, உங்க பேர்ல ஒரு கேஸ் காட்டுதே?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. வேறு யாராவது அதே பெயர்க்காரராக இருப்பார் என்று சொன்னேன். அப்பா பெயரையும் தெருவையும் படித்துக் காட்டினார். அப்புறம் இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவுகளைச் சொன்னார்: 188, 269. வருடம் 2020.

அப்போதுதான் என் வண்டி ஞாபகம் வந்தது.

2020 ஏப்ரல் இரண்டாவது வாரம். அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. பிரஷர் மாத்திரை மூன்று நாளுக்குத்தான் இருந்தது, எங்கள் தெரு மெடிக்கலில் ஸ்டாக் இல்லை. மளிகை, காய்கறிக் கடைகள் காலை ஆறு மணியிலிருந்து மதியம் ஒரு மணிவரை. மருந்துக் கடைக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது. வெயில் நேரத்தில் போனால் கூட்டம் இருக்காது என்று நினைத்து இரண்டரை மணிக்குக் கிளம்பி, நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்த மெடிக்கலில் வாங்கிவிட்டுத் திரும்பினேன். ரவுண்டானாவில் தடுப்பு வைத்திருந்தார்கள். மாத்திரை அட்டையைக் காட்டினேன். "சீட்டு எங்க?" என்றார் ஒருவர். டாக்டர் சீட்டை வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன். மாஸ்க் தாடையில் தொங்கிக்கொண்டிருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்து நடந்தது ஒரே நிமிடம்தான். முழங்காலுக்குப் பின்னால் லத்தியால் ஒரு அடி. சாவியை உருவிக்கொண்டார்கள். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பையன்கள் தோப்புக்கரணம் போட, அதை ஒருவர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நாலு கிலோமீட்டரும் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பத்து நாள் கழித்து ஸ்டேஷனுக்குப் போனேன். மைதானம் முழுக்க வண்டிகள், என்னுடையதன் மேல் வேப்பிலைச் சருகு படிந்திருந்தது. ரைட்டர் மூன்று தாள்களை நீட்டி, கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் பேனா நுனியை வைத்துக் காட்டினார். போட்டேன். படிக்கவில்லை. ஒரு நாளைக்கு நூறு பேரின் பத்திரத்தைக் கண் முன்னால் வைத்து நகல் எடுப்பவன் நான். என் கையெழுத்து விழுந்த தாளில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடமும் ஒரு ஏட்டும் தேவைப்பட்டது.

கட்டுப்பாடே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். 2021 மே மாதம் எங்கள் தெருவில் மட்டும் மூன்று சாவு. ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸிலேயே ஒரு ராத்திரி முழுக்கக் காத்திருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் திரும்பி வரவில்லை. ஊரடங்கு வேண்டும், மாஸ்க் வேண்டும். ஆனால் அரசு போடும் கட்டுப்பாட்டுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு என்பதும், அது காகிதத்தில் எழுதித்தான் இருக்கிறது என்பதும் எனக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் ஒரு வக்கீலைப் பார்த்தேன். தெரிந்த பையன்தான், கல்லூரிக் காலத்தில் என் கடையில்தான் புத்தகங்களை ஜெராக்ஸ் எடுப்பான். அவன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, எப்ஐஆர் நகல் இருக்கா?" இல்லை. "சரி, நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்?" அதுவும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான். ஜெராக்ஸ் கடைக்காரனிடம் நகல் இல்லை என்றால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும்.

எப்ஐஆரை எடுப்பது நான் பயந்த மாதிரி இல்லை. எப்ஐஆர் பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், பாலியல் குற்றம், தேசப் பாதுகாப்பு போன்ற சில வகை வழக்குகளுக்கு மட்டும் விலக்கு என்று உச்ச நீதிமன்றம் 2016லேயே சொல்லியிருக்கிறது. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் மாவட்டம், நிலையம், வருடம் கொடுத்துத் தேடினால் கிடைத்தது. இரண்டு பக்கம். கொரோனா பரவும் காலத்தில் தேவையின்றி வெளியே சுற்றியதாக எழுதியிருந்தது. மாத்திரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வக்கீல் தம்பி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நாலு சட்டப் பெயர்களை எழுதினான். ஊரடங்கு என்று நாம் ஒரே பெயரில் சொன்னது உண்மையில் இந்த நாலின் கலவை என்றான்.

முதலாவது 1897ஆம் வருடத்துத் தொற்றுநோய்ச் சட்டம். பம்பாய் மாகாணத்தில் பிளேக் பரவியபோது வெள்ளைக்காரன் அவசரமாகக் கொண்டு வந்தது. மொத்தமே நாலு பிரிவு. நோய் பரவும் அபாயம் இருந்து, மற்ற சட்டங்கள் போதாது என்று தோன்றினால் அரசு தற்காலிக விதிமுறை போடலாம் என்கிறது ஒரு பிரிவு. மீறினால் 188இன்படி தண்டனை. நல்லெண்ணத்தில் செய்த காரியத்துக்கு அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது. மக்களின் உரிமை பற்றி ஒரு சொல் கிடையாது. அந்த வருடம் பூனாவில் சிப்பாய்கள் வீடு புகுந்து பிளேக் சோதனை போட்ட விதம் ஊரையே கொதிக்க வைத்தது, பிளேக் அதிகாரி ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டுக் கொன்றார்கள். அவ்வளவு பழைய சட்டத்தைத் தூசி தட்டித்தான் 2020இல் நம் மேல் பிரயோகித்தார்கள். 2020 ஏப்ரலில் அவசரச் சட்டம் வழியாக அதைத் திருத்தியபோதும், சேர்த்தது பெரும்பாலும் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கான தண்டனைதான். அது தேவைதான், குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாவது 2005ஆம் வருடப் பேரிடர் மேலாண்மைச் சட்டம். நாடு முழுக்க ஊரடங்கு போட்டது இதன் கீழ்தான். மூன்றாவது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144. தமிழ்நாட்டில் 2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்கே, நாடு தழுவிய ஊரடங்குக்கு சில மணி நேரம் முன்னதாக, அது அமலுக்கு வந்துவிட்டது. நாலாவது நம் மாநிலத்துக்கே உரிய 1939ஆம் வருடப் பொதுச் சுகாதாரச் சட்டம்.

இந்த நாலில் எதிலும் லத்தி இல்லை, தோப்புக்கரணமும் இல்லை. "ஆணையை மீறினால் வழக்கு, வழக்கு நிரூபணமானால் தண்டனை, அந்தத் தண்டனையைக் கொடுக்க வேண்டியவர் மாஜிஸ்திரேட். ரவுண்டானாவுல நிக்கிறவர் இல்லண்ணே," என்றான் தம்பி. வண்டியைப் பிடித்தால்கூட அதை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சொந்தக்காரர் அங்கே மனு போட்டு இடைக்காலமாக வாங்கிக்கொள்ளலாம். நான் போனது மைதானத்துக்கு. என்னைப் போல லட்சக்கணக்கான பேர் அப்படித்தான் வாங்கினோம், நீதிமன்றங்களும் அப்போது பாதி மூடித்தான் கிடந்தன.

எனக்கு ரொம்பவும் பயன்பட்டது 188 பற்றி அவன் சொன்னதுதான். ஒரு அரசு அலுவலர் சட்டப்படி பிறப்பித்த ஆணையை மீறுவதுதான் அந்தக் குற்றம். ஆனால் அதை விசாரணைக்கு எடுத்துக்கொள்ள வேண்டுமானால், ஆணை போட்ட அலுவலரோ அவருக்கு மேலே உள்ளவரோ எழுத்து மூலம் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 195ஆம் பிரிவு. போலீஸ் எப்ஐஆர் போட்டு, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தால் போதாது. கொரோனா வருவதற்கு முன்பே, 2018 செப்டம்பரில், ஜீவானந்தம் என்பவர் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தது. 172 முதல் 188 வரையிலான பிரிவுகளில் போலீஸ் தானாக எப்ஐஆர் போடக் கூடாது, சம்பந்தப்பட்ட அலுவலருக்குத் தகவல் கொடுத்து அவரைப் புகார் செய்யச் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டுதலும் கொடுத்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்திலும் ஏறக்குறைய இதே மாதிரி, உரிய அதிகாரியின் புகார் வேண்டும் என்று ஒரு பிரிவு உண்டு.

"அப்படின்னா என் கேஸ் செல்லாதா?" என்றேன் உற்சாகமாக.

"அவசரப்படாதீங்கண்ணே." 188 எப்ஐஆர்களை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கேட்டு ஒருவர் 2020 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. என் மேல் 269 வேறு இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான தொற்றைப் பரப்பக்கூடிய கவனக்குறைவு என்பது அந்தப் பிரிவு, அதற்கு 195 தடை கிடையாது. எனக்குக் கொரோனா இருந்ததாக எந்தப் பரிசோதனையும் இல்லாதபோது அதை நிரூபிப்பது கஷ்டம், ஆனால் நிரூபிக்க முடியாது என்று நாம் போய் வாதாட வேண்டும். மனு போட்டு ரத்து செய்ய உயர் நீதிமன்றம் போகலாம், செலவாகும். அதற்கு முன்னால் இன்னொரு சுலபமான வழி இருக்கிறதா என்று பார்ப்போம் என்றான்.

அந்த வழி, நானே டிவியில் பார்த்துக் கைதட்டிய அறிவிப்பு. 2021 பிப்ரவரியில், தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால், அப்போதைய முதலமைச்சர் பழனிசாமி ஊரடங்கு மீறலுக்காகப் போடப்பட்ட சுமார் 10 லட்சம் வழக்குகளைக் கைவிடுவதாகச் சொன்னார். வன்முறை, காவலர் பணியைத் தடுத்தது, மோசடியாக இ-பாஸ் வாங்கியது ஆகியவை மட்டும் விதிவிலக்கு. பத்து லட்சத்தில் ஒன்று என்னுடையது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது, சும்மா கைதட்டினேன்.

பிறகு ஏன் அது கணினியில் உயிரோடு இருந்தது? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. மேடையில் சொல்வதால் வழக்கு சாகாது. எப்ஐஆர் விசாரணையில் இருந்தால், மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று போலீஸ் நீதிமன்றத்தில் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். குற்றப்பத்திரிகை போய்விட்டிருந்தால், அரசு வழக்கறிஞர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321ஆம் பிரிவில் மனு போட்டு நீதிமன்றத்தின் ஒப்புதலோடு திரும்பப் பெற வேண்டும். என் விஷயத்தில் இரண்டும் நடக்கவில்லை. எப்ஐஆர் போட்ட நாளிலேயே அந்தக் கட்டு அலமாரிக்குப் போயிருக்கிறது, அதற்கப்புறம் அதை யாரும் தொடவில்லை. என்னைக் கெடுக்க வேண்டும் என்று எவரும் நினைக்கவில்லை, பத்து லட்சம் கட்டில் ஒன்றைப் புரட்ட யாருக்கும் நேரம் இல்லை, அவ்வளவுதான்.

செய்ததைச் சொல்கிறேன். முதலில், இ-கோர்ட்ஸ் தளத்தில் எப்ஐஆர் எண்ணைக் கொண்டு தேடி, வழக்கு நீதிமன்ற எண் பெறவில்லை என்பதை உறுதி செய்தோம். பிறகு நிலைய ஆய்வாளருக்கு ஒரு மனு, நகல் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு, இரண்டும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில். மனுவில் கதை எதுவும் எழுதவில்லை. எப்ஐஆர் எண், தேதி, பிரிவுகள், வன்முறையோ பணியைத் தடுத்ததோ இதில் இல்லை என்பது, அரசு கைவிட முடிவு செய்த வகையில் இது வருகிறது என்பது, எனவே இறுதி அறிக்கை தாக்கல் செய்து அதன் நகலைத் தர வேண்டும் என்பது. ஒரே பக்கம். கோபமாக மூன்று பக்கம் எழுதி வைத்திருந்ததைத் தம்பி கிழித்துப் போட்டான், நல்ல வேளை. மூன்று வாரம் பதில் இல்லை. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், என் மனு மேல் எடுத்த நடவடிக்கை என்ன என்று மட்டும் கேட்டேன். அதற்குப் பதில் வருவதற்குள் ஸ்டேஷனிலிருந்தே போன் வந்துவிட்டது.

இன்னொரு விஷயம், பாஸ்போர்ட்காரர்களுக்கு முக்கியமானது. பாஸ்போர்ட் சட்டத்தில் தடையாகச் சொல்லப்படுவது நீதிமன்றத்தின் முன் நிலுவையில் இருக்கும் குற்ற வழக்கு. வெறும் எப்ஐஆரோ, விசாரணையில் இருக்கும் வழக்கோ அந்தப் பிரிவுக்குள் வராது என்று வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபரில் ஒரு குறிப்பாணையில் விளக்கியிருக்கிறது. ஏட்டு பாதகமாக எழுதி அனுப்பினாலும், பாஸ்போர்ட் அலுவலகம் விளக்கம் கேட்டு அனுப்பும் கடிதத்துக்கு இதைச் சுட்டிக்காட்டிப் பதில் எழுதலாம். ஆனால் வழக்கு இருப்பது தெரிந்தபின் மறைக்கக் கூடாது. மறைத்தால் தகவலை ஒளித்த குற்றம் தனியாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கிடையில் நான் படிக்க ஆரம்பித்திருந்தேன். கடையில் வேலை இல்லாத மதியங்களில் தீர்ப்புகளின் தமிழ்ச் செய்திகளைத் தேடிப் படிப்பேன். அப்படித்தான் 2020 ஜூன் 19 என்ற தேதி மனசில் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு உச்ச நீதிமன்றம் காசி என்பவரின் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. மதுரை மாவட்டம் சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு அது. குறித்த நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் கைதிக்கு ஜாமீன் பெறும் உரிமை வந்துவிடும். ஊரடங்கு என்பதால் அந்த உரிமை இப்போது கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி சொல்லியிருந்தார். அது தவறு என்றது உச்ச நீதிமன்றம். ஊரடங்கை நெருக்கடி நிலையோடு ஒப்பிட முடியாது, நெருக்கடி நிலையிலேயேகூட உயிர் வாழும் உரிமையையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறிக்க முடியாது என்று விளக்கியது.

அதே ஜூன் 19 மாலைதான் சாத்தான்குளத்தில் ஜெயராஜை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள், அவரைத் தேடிப் போன மகன் பென்னிக்ஸையும் அங்கேயே பிடித்து வைத்தார்கள். ஊரடங்கு நேரம் தாண்டிச் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. ஜூன் 22, 23 தேதிகளில் மகனும் அப்பாவும் அடுத்தடுத்து இறந்தார்கள். மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்து, அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டு வரச் சொன்னது. அவர்கள் மேல் போட்ட எப்ஐஆரில் இருந்த பிரிவுகளைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. வேறு பிரிவுகளோடு சேர்த்து 188, 269. என் தாளில் இருந்த அதே இரண்டு எண்கள். என் முழங்காலுக்குப் பின்னால் விழுந்த அடியை நான் அதுவரை யாரிடமும் புகாராகச் சொன்னதில்லை, வேடிக்கையாகத்தான் சொல்லியிருக்கிறேன். அதற்கப்புறம் வேடிக்கையாகச் சொல்ல வரவில்லை.

இ-பாஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூலையில் தஞ்சாவூரில் அத்தை இறந்துபோனார். மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். காரணத்தில் இறப்பு என்று போட்டால் ஆவணம் இணைக்கச் சொல்கிறது. உயிர் போய் மூன்று மணி நேரத்தில் யாரிடம் போய்ச் சான்றிதழ் வாங்குவது? வாட்ஸப்பில் வந்த கண்ணீர் அஞ்சலிப் படத்தை இணைத்தேன், நிராகரித்தது. மறுபடி போட்டு, பாஸ் வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அந்த மாதமே, ஜூலை 29 அன்று, மத்திய உள்துறை வெளியிட்ட வழிகாட்டுதலில் மாநிலத்துக்குள்ளும் மாநிலங்களுக்கு இடையிலும் ஆட்களோ சரக்கோ போக எந்தத் தடையும் இல்லை, தனி அனுமதியோ இ-பெர்மிட்டோ தேவையில்லை என்று எழுதியிருந்தது. இங்கே இ-பாஸ் தொடர்ந்தது. ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த எல்லோருக்கும் கிடைக்கும் என்றார்கள். எல்லோருக்கும் கிடைக்கும் பாஸ் எதைத் தடுக்கும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆகஸ்ட் 22 அன்று உள்துறைச் செயலாளர் எல்லா மாநிலங்களுக்கும் நினைவூட்டிக் கடிதம் எழுதினார், செப்டம்பர் முதல் மாநிலத்துக்குள் இ-பாஸ் போய்விட்டது. அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரிந்திருந்தாலும் அத்தையின் முகத்தைப் பார்த்திருக்க முடியாது, அவர் இறந்தது ஜூலை முதல் வாரம். ஆனால் ஆகஸ்ட் முழுக்க என் கடைக்கு வந்து நாற்பது, ஐம்பது ரூபாய் கொடுத்து இ-பாஸ் போட்டவர்களிடம் அந்த வழிகாட்டுதலைக் காட்டியிருப்பேன். காட்டியிருந்தால் என் வருமானம் போயிருக்கும், அது வேறு விஷயம்.

அபராதம் ஒன்றும் கட்டினேன். அதே வருடம் அக்டோபரில், கடையில் நிற்பவர்களுக்கு இடைவெளி இல்லை என்று இரண்டு பேர் வந்து 500 ரூபாய் கேட்டார்கள். தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தை அந்தச் செப்டம்பரில்தான் திருத்தி, மாஸ்க் இல்லாவிட்டால் 200, பொது இடத்தில் எச்சில் துப்பினால் 500, விதிமுறையை மீறும் நிறுவனங்களுக்கு 5,000 என்று நிர்ணயித்திருந்தார்கள். ரசீது கேட்டேன். ஒருவர் இன்னொருவரைப் பார்த்தார். கடைசியில் எனக்கு மாஸ்க் சரியில்லை என்று 200க்கு ரசீது கிழித்தார்கள். அன்றைக்கும் மாஸ்க் தாடையில்தான் இருந்தது, அதனால் கட்டினேன், முனகவில்லை. பணம் வாங்கும் எந்த அதிகாரியிடமும் ரசீதை மட்டும் கேளுங்கள், சட்டம் பேச வேண்டியதில்லை.

அரசின் கட்டுப்பாட்டுக்கு எல்லை எங்கே என்பதை எனக்கு ஒரே மூச்சில் விளக்கியது தடுப்பூசி வழக்குதான். 2021 நவம்பரில், பொது இடங்களுக்கு வருவோர் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று 1939 சட்டத்தின் கீழ் நம் மாநிலம் ஆணை போட்டது. குழந்தை மருத்துவர் ஜேக்கப் புலியேல் உச்ச நீதிமன்றத்தில் தொடர்ந்திருந்த வழக்கில் இந்த ஆணையும் சேர்ந்து விசாரணைக்கு வந்தது. 2022 மே 2 அன்று தீர்ப்பு. ஒருவரைக் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, உடல் அவருடையது. அதே சமயம், பலரின் நலனுக்காகத் தனிநபர் உரிமைக்கு அரசு வரம்பு வைக்கலாம், ஆனால் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும்: அதற்குச் சட்டம் இருக்கிறதா, நியாயமான தேவை இருக்கிறதா, தேவைக்கு மிஞ்சாத அளவில் இருக்கிறதா. 2017இல் அந்தரங்க உரிமை வழக்கில் சொன்ன அதே உரைகல்தான். ஊசி போடாதவர்தான் போட்டவரைவிட அதிகம் பரப்புகிறார் என்று காட்டும் தரவு எதையும் மாநிலங்கள் முன்வைக்கவில்லை, தொற்றும் குறைவாக இருக்கிறது, எனவே இந்தத் தடைகள் அளவுக்கு மிஞ்சியவை, திரும்பப் பெறுங்கள் என்றது. தடுப்பூசித் திட்டத்தையே தப்பு என்று சொல்லவில்லை. தீர்ப்பு வந்த அன்று வாட்ஸப்பில் சுற்றியதைப் படித்தவர்களுக்கு இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் போய்ச் சேரவில்லை. நான் மூன்று ஊசியும் போட்டவன். ரேஷன் கடையில் சர்டிபிகேட் இல்லையென்று ஒரு கிழவியைத் திருப்பி அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது, இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம்.

நோயைக் காரணம் காட்டி மற்ற சட்டங்களை வளைப்பதற்கும் எல்லை உண்டு. தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலை, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் கிடையாது என்று குஜராத் அரசு போட்ட அறிவிக்கையை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. போரோ உள்நாட்டுக் கலவரமோ நாட்டின் பாதுகாப்பை அச்சுறுத்தும்போது பயன்படுத்த வேண்டிய பிரிவை, தொற்றுநோய்க்காக எடுத்துப் பயன்படுத்த முடியாது என்றது.

இப்போது எண்கள் மாறிவிட்டன. 2024 ஜூலை முதல் புதுச் சட்டங்களில் 144 என்பது 163, 188 என்பது 223, 195 என்பது 215. தண்டனையும் கூடியிருக்கிறது. முன்பு சாதாரண மீறலுக்கு ஒரு மாதம், இப்போது ஆறு மாதம் வரை போகலாம். எழுத்து மூலப் புகார் வேண்டும் என்பது அப்படியே இருக்கிறது. எந்தத் தடை ஆணையானாலும் எண், தேதி, எந்தப் பிரிவின் கீழ், எத்தனை நாளுக்கு என்று நான் முதலில் பார்க்கிறேன். அந்த ஆணைகளை வெளியிட்டாக வேண்டும், அப்போதுதான் பாதிக்கப்பட்டவர் நீதிமன்றம் போக முடியும் என்று 2020 ஜனவரியில் காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது; கொரோனாவுக்கு இரண்டு மாதம் முன்னால். தடுப்பில் நின்றுகொண்டு இதையெல்லாம் கேட்காதீர்கள். அங்கே பணிவாக இருந்து, நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு வீடு வந்து சேருங்கள். கேள்வி எல்லாம் அப்புறம், தபாலில்.

என் விஷயம் 2022 செப்டம்பரில் முடிந்தது. மேல் நடவடிக்கை கைவிடப்பட்டதாக நீதிமன்றத்தில் அறிக்கை தாக்கலானது, சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்து வாங்கினேன். மச்சான் வீட்டுக் கல்யாணம் அதற்குள் முடிந்துவிட்டது, வீடியோவில் பார்த்தோம். பாஸ்போர்ட்டுக்கு மறு விசாரணை வந்தது, அதே ஏட்டு. நகலைப் பார்த்துத் தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார். டீ வேண்டாம் என்றார். கிளம்பியவர் படியில் நின்று திரும்பினார்.

"தம்பி, என் மச்சினன் மேலயும் இதே மாதிரி ஒண்ணு கெடக்கு. நீங்க எழுதின அந்த மனு ஒரு காப்பி குடுங்களேன்."

பெயரை மறைத்துவிட்டு ஒரு நகல் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு ரூபாய் என்றேன். சில்லறையாகவே கொடுத்தார்.